ஜெர்மனிக்கு மாற்றல் வந்தால் காரைக் கப்பலில் ஏற்றுவதா, விற்றுவிட்டுப் போவதா?

அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்க்கிற தமிழர்கள் இப்போது அங்கங்கே இருக்கிறோம். மாவ்னி என்ற திட்டம் 2009 முதல் 2016 வரை நடந்தது. கிரீன் கார்டு இல்லாதவர்களையும், குறிப்பிட்ட சில மொழிகள் தெரிந்திருந்தால் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பட்டியலில் தமிழும் இருந்தது. படிக்க வந்த நானும் அந்த வாசல் வழியாக உள்ளே போனவன்தான். என்னைப் போலச் சேர்ந்தவர்களில் யாருக்காவது வெளிநாட்டு மாற்றல் வந்தால் ஃபோன் வரும். வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அப்புறம். முதல் கேள்வி, "அண்ணா, காரை என்ன பண்றது?" என்பதுதான். எல்லாருக்கும் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நாங்கள் டெக்சாஸ் ஃபோர்ட் ஹூட்டிலிருந்து ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்னுக்குப் போனவர்கள். அதனால் இதில் ஜெர்மனிக் கதைதான் அதிகம் இருக்கும்.

"கவர்ன்மென்ட்டே ஓசியில கொண்டுபோய்க் கொடுக்குது, அதை ஏன் விடணும்?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். கப்பல் கூலி ஓசி என்பது உண்மை. ஆனால் மூன்று வருடம் அந்த ஊரில் அந்தக் காரை வைத்துக் காப்பாற்றுவது ஓசி இல்லை. அதனால் நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. கப்பல் கூலியை மறந்துவிடுங்கள். உங்கள் கார் ஏற்கெனவே ஜெர்மனியில் விற்பனைக்கு நிற்கிறது, இன்றைக்கு அதற்கு என்ன விலையோ அந்த விலைக்கு. வாங்குவீர்களா? "ஆமாம், கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்" என்றால் ஏற்றுங்கள். "இவ்வளவு பெரிய வண்டியா, இந்த வயசிலா" என்று மனசு இழுத்தால் விற்றுவிடுங்கள். இப்படிக் கேட்டுப் பார்த்ததிலேயே பாதிப் பேருக்குக் குழப்பம் தீர்ந்திருக்கிறது.

சலுகை என்னவென்று முதலில் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு ராணுவ வீரருக்கு ஒரு வண்டி. கணவன், மனைவி இருவரும் பட்டாளத்தில் இருந்தால் ஆளுக்கு ஒன்று. மற்றபடி வீட்டில் மூன்று கார் நின்றாலும் ஒன்றுக்குத்தான் அரசு செலவு. இரண்டாவதை ஏற்ற வேண்டுமென்றால் நம் கைக்காசில் ஆயிரக்கணக்கான டாலர் போகும். மாற்றல் ஆர்டரில் சொந்த வண்டி கொண்டுபோக அனுமதி உண்டு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால், காரை வாங்கிக் கப்பலுக்கு அனுப்புகிற வாகன மையத்தில் பேசிப் பிரயோஜனமில்லை. அளவுக்கும் ஒரு வரம்பு உண்டு, 800 கன அடி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கிப் பாருங்கள். அதைத் தாண்டினால் கூடுதலுக்கு நாம்தான் கட்ட வேண்டும்.

எந்த ஊர் என்பதிலேயே சில பேருக்கு விஷயம் முடிந்துவிடும். ஜப்பானுக்கு மாற்றல் என்றால் யோசிக்கவே வேண்டாம். 1976 மார்ச் 31க்குப் பிறகு தயாரான வண்டி எதுவாக இருந்தாலும் அந்த நாட்டுப் புகை, பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்றியாக வேண்டும் என்பதால், ராணுவம் அங்கே கார்களைக் கொண்டுபோவதில்லை. அதற்குப் பதிலாக அமெரிக்காவிலேயே அரசு செலவில் கிடங்கில் நிறுத்திவைக்கலாம். ஓகினாவாவுக்குப் போன நண்பர் ஒருவர் அப்படித்தான் நிறுத்திவிட்டுப் போய், அங்கே மஞ்சள் நம்பர் பிளேட் போட்ட 660 சிசி குட்டிக் கார் ஒன்றை வாங்கி ஓட்டினார். கிடங்கில் நின்ற காருக்கு மாதாமாதம் தவணை மட்டும் போய்க்கொண்டிருந்தது. என்னைக் கேட்டால், கடன் பாக்கி இருக்கிற வண்டியைக் கிடங்கில் போடுவது வீண். ஓட்டாமல் நின்றாலும் வயது ஏறுகிறது, விலை இறங்குகிறது. தாத்தா கொடுத்த பழைய மஸ்டாங் என்றால் சரி, அது வேறு விஷயம்.

ஒன்றைக் கவனியுங்கள். ஜெர்மனி மாதிரி வண்டி கொண்டுபோக அனுமதி உள்ள இடத்துக்குப் போகிறவர்கள், "எனக்கு ஏற்ற வேண்டாம், கிடங்கில் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டால் பொதுவாக நடக்காது. கிடங்கு என்பது ஏற்ற முடியாத இடங்களுக்கான மாற்று ஏற்பாடு. அதனால் ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு இருப்பது மூன்றே வழி: ஏற்று, விற்றுவிடு, அல்லது அமெரிக்காவில் இருக்கிற சொந்தபந்தத்திடம் விட்டுவிட்டுப் போ.

எங்களிடம் இரண்டு வண்டி இருந்தது. என்னுடையது ஃபோர்டு எஃப்-150 பிக்கப், நாலு கதவு, நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். டெக்சாஸில் இருந்துகொண்டு பிக்கப் வைத்துக்கொள்ளாதவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். மனைவியுடையது மஸ்தா சிஎக்ஸ்-5. படையில் கூட இருந்தவர்கள் அத்தனை பேரும், "பெரிய வண்டியை ஏத்து, அதுதான் விலை கூட, அதுதான் லாபம்" என்றார்கள். வீட்டில் ஒரே கேள்விதான் வந்தது. "அந்த லாரியை அங்கே எங்க நிறுத்துவீங்க?"

டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். கண்ணாடிகளை விட்டுவிட்டால் அகலம் 2.03 மீட்டர். உயரம் 1.96. நீளம் 5.9 மீட்டருக்குப் பக்கம். பெருக்கினால் ஏறத்தாழ 825 கன அடி, வரம்பைத் தாண்டிவிட்டது. ஜெர்மனியில் பழைய பார்க்கிங் கட்டடங்களில் ஒரு காருக்கு ஒதுக்கும் இடத்தின் அகலம் 2.30 மீட்டர்தான். நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் ஒரு மெலிந்த ஆள்கூட இறங்க முடியாது. நுழைவாயிலில் 2.00 மீட்டர் என்று உயரக் கம்பி தொங்கும். கம்பி தலையில் இடிக்குமோ என்று பயந்துகொண்டே உள்ளே போக வேண்டும். பட்டாளக் குடியிருப்புக்குள் இந்தத் தொல்லை இல்லை, அங்கே எல்லாம் அமெரிக்க அளவுதான். ஆனால் நாங்கள் வெளியே ஊருக்குள் வாடகை வீடு எடுக்க நினைத்திருந்தோம். லாண்ட்ஷ்டூல், வைலர்பாக் பக்கத்துக் கிராமங்களில் தெருவின் இரு பக்கமும் பாதி நடைபாதையில் ஏறி கார்கள் நிற்கும். நடுவில் மிச்சமிருக்கும் சந்தில் எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும்.

சிஎக்ஸ்-5 பக்கம் கணக்கு வேறு மாதிரி வந்தது. அகலம் 1.84 மீட்டர். அதே வண்டி ஜெர்மனியிலும் விற்பனையில் இருப்பதால் அங்கே உள்ள மெக்கானிக்குகளுக்குப் பழக்கம், பிரேக் பேட், ஃபில்டர் மாதிரியான சாமான்கள் கிடைக்கும். கடனும் கொஞ்சம்தான் பாக்கி. பிக்கப்பை டெக்சாஸிலேயே விற்றோம். அந்த மாநிலத்தில் அதற்கு இருக்கிற மவுசு வேறெங்கும் கிடையாது. விற்கிற வண்டியை எங்கே விற்றால் விலை கிடைக்குமோ அங்கேயே விற்றுவிடுவது நல்லது. ஜெர்மனி வரை கொண்டுபோய், அங்கே வேண்டாமென்று தோன்றிய பிறகு விற்கப் போனால், வாங்குகிறவர் இன்னொரு அமெரிக்கப் பட்டாளத்துக்காரராகத்தான் இருப்பார். ஜெர்மானியருக்கு விற்க வேண்டுமென்றால் சுங்கம், வரி, அந்த நாட்டு விதிக்கேற்ற மாற்றங்கள் என்று ஒரு மலையே நிற்கும்.

வண்டியில் கடன் இருந்தால் மாற்றல் ஆர்டர் கைக்கு வந்த அன்றைக்கே கடன் கொடுத்தவர்களைக் கூப்பிடுங்கள். காரை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக ஆட்சேபணை இல்லை என்று அவர்களுடைய லெட்டர்ஹெட்டில், வண்டி எண்ணோடு ஒரு கடிதம் வேண்டும். கேட்க ஒரு பக்கக் கடிதம்தான். எங்களுக்கு அதை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் வேறொருவர் எடுப்பார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், ஆர்டரை மறுபடி அனுப்ப வேண்டும். கடைசியில் வந்த கடிதத்தில் போகிற நாட்டின் பெயர் இல்லை, திரும்பவும் கேட்டு வாங்கினோம். சில நிறுவனங்கள் முடியாது என்றே சொல்லிவிடும், கடன் பத்திரத்திலேயே அப்படி ஒரு வரி இருக்கும். லீஸ் வண்டி என்றால் இன்னும் கஷ்டம். கடிதம் கிடைக்காது என்பது முன்பே தெரிந்தால் விற்க அவகாசம் இருக்கும். கிளம்புகிற வாரத்தில் தெரிந்தால் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ரீகாலும் அப்படித்தான். தயாரிப்பாளர் திரும்ப அழைத்த பாதுகாப்புக் குறை எதுவும் சரிசெய்யாமல் இருந்தால் வண்டியை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். டகாட்டா ஏர்பேக் விவகாரத்தில் கோடிக்கணக்கான கார்கள் மாட்டின, உங்களுடையதும் அதில் ஒன்றாக இருக்கலாம். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு நிறுவனத்தின் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் உடனே தெரிந்துவிடும். ரிப்பேர் இலவசம், ஆனால் பாகம் வந்துசேர எத்தனை வாரம் ஆகும் என்பது டீலர் கையில் இல்லை.

டெக்சாஸ்காரர்களுக்கென்று ஒரு தலைவலி உண்டு, சன் ஃபிலிம். அந்த வெயிலுக்கு எல்லாரும் கண்ணாடியில் கறுப்பாக ஒட்டிவைத்திருப்பார்கள். ஜெர்மனியில் முன் கதவுக் கண்ணாடிகளில் ஒட்டியிருந்தால் ராணுவ வாகனப் பரிசோதனையில் தேறாது. பின்பக்கம் இருக்கலாம். ஊரில் 2012இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதும் ரோட்டோரமாக நிறுத்தி உரித்தார்களே, அதே வேலையை நான் ஃபோர்ட் ஹூட்டை ஒட்டிய கில்லீன் ஊரில் வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்தேன். மனைவியின் ஹேர் டிரையரால் ஒரு மூலையைச் சூடாக்கி, நகத்தால் கிளப்பி, மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஃபிலிம் கிழிந்து பசை மட்டும் கண்ணாடியில் தங்கிவிடும். அந்தப் பசை சோப்புத் தண்ணீருக்கு மசியாது. பிளாஸ்டிக் பிளேடால் சுரண்டச் சுரண்ட, சாம்பல் நிறத்தில் சுருள் சுருளாக வரும். ஜெர்மனிக்குப் போய்க் கடையில் கொடுத்து எடுப்பதற்கு ஆகிற செலவை நினைத்தால் ஒரு சனிக்கிழமை போவது பரவாயில்லை.

ஒப்படைக்கும் நாளுக்கு வருவோம். டாலஸ் பக்கம் இருக்கிற வாகன மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், எங்களுக்கு இரண்டரை மணி நேர ஓட்டம். டேங்கில் கால் பங்குக்கு மேல் பெட்ரோல் இருக்கக் கூடாது. அங்கே போய்ச் சேரும்போது கால் பங்குக்குக் கீழே இறங்கும்படி வழியில் கணக்குப் பண்ணிப் போட வேண்டும், அது ஒரு கலை. வண்டி சுத்தமாக இருக்க வேண்டும், அடிப்பாகமும்தான். அழுக்காக இருந்தால் கீறல் தெரியாது என்பதால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கண்ணாடியில் விரிசல் இருந்தால் முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

பரிசோதகர் கையில் ஒரு படிவம் இருக்கும், அதில் காரின் படம் கோடாக வரைந்திருக்கும். அவர் சுற்றிவந்து ஒவ்வொரு கீறலையும் பள்ளத்தையும் அந்தப் படத்தில் குறிப்பார். கூடவே நடங்கள். நம் கார் பின் பம்பரில் மளிகைக்கடை டிராலி இடித்த ஒரு சின்ன வடு இருந்தது. அதை மட்டும் குறிக்கச் சொல்லிவிட்டு, அவர் சும்மா ஒரு வரியில் "கீறல்கள்" என்று பக்கம் முழுவதற்கும் எழுதப் போனபோது நிறுத்தினேன். எந்தக் கீறல், எந்த இடம், எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எழுதினார். அப்படிப் பொதுவாக எழுதிவிட்டால் அந்தப் பக்கம் கப்பலில் என்ன சேதம் வந்தாலும் "ஏற்கெனவே இருந்தது" என்று சொல்ல முடியும். கைபேசியில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஓடிய மைல் காட்டும் பலகையையும் சேர்த்து.

காருக்குள் சாமான் போட்டு அனுப்பலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஜாக்கி, ஸ்டெப்னி, டூல்ஸ், குழந்தை சீட் மாதிரி வண்டியோடு சேர்ந்தவற்றுக்கு மட்டும் அனுமதி. மற்றது எல்லாம் வீட்டுச் சாமானோடு போக வேண்டும். கோயம்புத்தூர் கிரைண்டரை டிக்கியில் மறைத்துவைக்கலாம் என்று நினைக்காதீர்கள், இறக்கிவிடுவார்கள். இடையில் ஒரு நல்ல செய்தி: அமெரிக்காவில் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டிய அந்த 230 வோல்ட் கிரைண்டர் ஜெர்மனியில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே ஓடும், பிளக்குக்கு ஒரு அடாப்டர் இருந்தால் போதும்.

கப்பல் பயணத்துக்கு ஒன்றரை மாதம், இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில்தான் பலர் யோசிப்பதில்லை. முன்கூட்டியே அனுப்பினால் அமெரிக்காவில் கார் இல்லாமல் திண்டாட வேண்டும், கிளம்பும்போது அனுப்பினால் ஜெர்மனியில். பஸ் வசதி குறைவான கில்லீனில் இரண்டு குழந்தைகளோடு கார் இல்லாமல் இருப்பதைவிட ஜெர்மனியில் இல்லாமல் இருப்பது மேல் என்று நாங்கள் முடிவுசெய்தோம். அங்கே ரயில் இருக்கிறது, தளத்துக்குள் ஷட்டில் ஓடுகிறது. வந்துசேரும் என்று சொன்ன தேதியைத் தாண்டி கார் வந்தால் வாடகைக் காருக்கு அரசு நாளுக்கு 30 டாலர் வரை தரும், அதுவும் அதிகபட்சம் 7 நாளைக்குத்தான். அதை நம்பித் திட்டம் போட முடியாது. கார் வந்து சேரும்போது நீங்கள் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தால் மனைவியோ கணவரோ எடுக்க வேண்டும். அதற்குப் பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லாமல் போனால் சாவியைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டார்கள்.

போய் இறங்கியதும் லைசென்ஸ் தேர்வு. கையிலிருக்கும் அமெரிக்க மாநில லைசென்ஸை வைத்துக்கொண்டு, ஜெர்மன் சாலை விதிகளுக்கு எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். சின்னத் தெருக்களில் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை என்பதை மட்டும் இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இருபது வருடம் ஓட்டியவர்களும் தடுமாறும் இடம் அது. இன்ஷூரன்ஸும் ஜெர்மனியில் செல்லுபடியாவதாக எடுக்க வேண்டும், டெக்சாஸ் பாலிசி அங்கே உதவாது. பிறகு பரிசோதனை. முக்கோணம், முதலுதவிப் பெட்டி, பளிச்சென்ற மேல்சட்டை மூன்றும் காரில் இருப்பது கட்டாயம். டயர், பிரேக், எண்ணெய் ஒழுகல், துரு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய, அடியில் துருவேறிய வண்டியை ஏற்றியவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஓசியில் வந்த காருக்கு முதல் வாரமே ஒர்க் ஷாப் பில்.

குளிர்காலத்தில் பனியும் உறைபனியும் இருக்கும்போது அதற்கான டயர் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். 2024 அக்டோபர் முதல், மலைச் சிகரமும் அதற்குள் பனிப்படிகமும் (ஸ்னோஃப்ளேக்) போட்ட முத்திரை உள்ள டயர்தான் கணக்கில் வரும். எம்+எஸ் (சேறு, பனி) என்று மட்டும் எழுதியிருக்கும் டெக்சாஸ் டயர் போதாது. ஆக எந்தக் காரை ஏற்றினாலும் இன்னொரு செட் டயருக்குப் பணம் எடுத்துவையுங்கள். பெரிய பிக்கப்பின் டயர் விலையை நினைத்துப் பாருங்கள், அதுவும் அந்த அளவு உள்ளூர்க் கடையில் கிடைக்குமா என்று பாருங்கள்.

பெட்ரோலுக்குப் பட்டாளத்துக்காரர்களுக்கு ரேஷன் உண்டு. நம்மூர் ரேஷன் கார்டு மாதிரி மாதத்துக்கு இவ்வளவு என்று அளவு வைத்து, ஜெர்மன் வரி இல்லாமல் தருவார்கள். இதை நம்பித்தான் பலர் பெரிய வண்டியைத் துணிந்து ஏற்றுகிறார்கள். ஜெர்மனி எல்லையைத் தாண்டினால் அந்தச் சலுகை செல்லாது. பிரான்சுக்குள் போனதும் லிட்டர் லிட்டராகக் கைக்காசுதான், அப்போது தெரியும் எஞ்சின் எவ்வளவு குடிக்கிறது என்று. ரிப்பேர் பில்லில் 19 சதவீத விற்பனை வரியைத் தவிர்க்கவும் ஒரு படிவம் இருக்கிறது. வேலை தொடங்கும் முன்பே அதை வாங்கிக் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டும், பணம் கட்டிய பிறகு கொடுத்தால் பிரயோஜனமில்லை.

அமெரிக்க மாடல் கார்களில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் விளக்கு, கண்ணாடி, பம்பர் எல்லாம் வேறாக இருக்கும். நெடுஞ்சாலையில் கல் தெறித்து எங்கள் முன் கண்ணாடி உடைந்தபோது, அமெரிக்க வகைக் கண்ணாடியை வரவழைக்கக் காத்திருக்க வேண்டியதாயிற்று. சிஎக்ஸ்-5க்கே அப்படியென்றால் ஜெர்மனியில் விற்பனையே ஆகாத மினிவேன்களுக்கும் பிக்கப்புகளுக்கும் எப்படி என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் சர்வீஸ் செய்து, ஒரு செட் பிரேக் பேட், வைப்பர், ஃபில்டர் வாங்கி வீட்டுச் சாமானோடு போடுவது நல்ல யோசனை.

மின்சாரக் கார் வைத்திருக்கிறவர்கள் ரொம்பவே யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் விற்ற காரின் சார்ஜிங் துளை ஐரோப்பியத் துளையிலிருந்து வேறுபட்டது. வீட்டில் மெதுவாக ஏற்றுவதற்கு அடாப்டர் போட்டு ஒப்பேற்றலாம். ஆட்டோபான் நெடுஞ்சாலையில் இருக்கிற வேகச் சார்ஜரில் நேராகச் சொருக முடியாது. தளத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் சமாளிக்கலாம். நீண்ட பயணம் போகிற ஆள் என்றால் நான் ஏற்றச் சொல்ல மாட்டேன்.

பயணம் என்று சொல்லும்போது, எங்களுக்கு நம்பகமான ஒரு கார் வேண்டும் என்று தோன்றியதே அதனால்தான். கைசர்ஸ்லாட்டர்னிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, ஈழத் தமிழர்கள் 2002இல் கட்டிமுடித்தது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து சனம் வரும். பிள்ளைகளைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு அதிகாலையில் கிளம்பினால் தேர் வடம் பிடிக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். வழியில் நின்றுவிடும் என்று சந்தேகப்படுகிற வண்டியில் அந்தப் பயணத்தை யோசிக்கவே முடியாது. பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பேல் பக்கம் போய் முருங்கைக்காயும் மீனும் வாங்கிவருவதும் உண்டு. நாங்கள் போனபோது அதற்குப் பிரான்சின் புகை ஸ்டிக்கர் தனியாக வாங்கி ஒட்ட வேண்டியிருந்தது. ஜெர்மன் நகரங்களுக்கான பச்சை ஸ்டிக்கர் அங்கே செல்லாது.

சரி, ஒரு கார் போதுமா? வேலைக்கு ஒருவர், பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் என்றால் போதாது. இரண்டாவதற்குத் தளத்தில் இருக்கிற லெமன் லாட்டுக்குப் போங்கள். ஊருக்குத் திரும்புகிறவர்கள் தங்கள் வண்டியை விலை எழுதி நிறுத்திவைக்கும் மைதானம் அது. கோடையில் மாற்றல் சீசனில் போனால் இரண்டாயிரம், மூவாயிரம் டாலருக்கு ஓடுகிற வண்டி கிடைக்கும், ஏனென்றால் விற்கிறவருக்கு விமான டிக்கெட் கையில் இருக்கும். நமக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. அங்கே மலிவாகக் கிடைக்கிற ஐரோப்பிய வண்டிகள் பெரும்பாலும் கியர் மாற்றி ஓட்டுகிறவை. அமெரிக்கச் சகாக்கள் பலருக்கு கிளட்ச் என்றால் அலர்ஜி, அதனால் போட்டி குறைவு. மாருதி 800இல் எட்டுப் போட்டுப் பழகின நமக்கு அது ஒரு விஷயமே இல்லை. நான் ஒரு பழைய ஓப்பல் கோர்சாவை அப்படித்தான் வாங்கினேன், என் மனைவி அதை என்னைவிட நன்றாக ஓட்டினாள். வீட்டில் இருவருக்கும் ஆட்டோமேட்டிக்தான் வரும் என்றால், அமெரிக்கக் காரை ஏற்றுவதற்கு அதுவே ஒரு வலுவான காரணம்.

அப்படி அங்கே வாங்குகிற ஐரோப்பிய வண்டியை அமெரிக்காவுக்குக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். அமெரிக்கப் பாதுகாப்பு விதிப்படி தயாராகாத கார், பொதுவாக 25 வயது ஆகாமல் உள்ளே வர முடியாது. கிளம்பும்போது அதே மைதானத்தில் அடுத்தவருக்குக் கைமாற்ற வேண்டியதுதான். கோர்சாவை எங்களிடம் வாங்கியவர் புதிதாக வந்து இறங்கிய ஒரு மருத்துவ உதவியாளர், அவருடைய பிக்கப் இன்னும் கடலில் இருந்தது.

திரும்பி வரும் கப்பலுக்கும் இதே படிவம், இதே பரிசோதனைதான், ஒரே ஒரு விஷயத்தில் கெடுபிடி அதிகம். ஐரோப்பிய மண் ஒரு சிட்டிகைகூட அமெரிக்காவுக்குள் வரக் கூடாது என்று விவசாயத் துறை கண்டிப்பாக இருக்கிறது. மட்கார்டுக்குள், ஸ்டெப்னி வைக்கிற குழியில், கதவின் கீழ் விளிம்பில் எல்லாம் விரலை விட்டுப் பார்ப்பார்கள். தளத்தில் அழுத்தத் தண்ணீர் போட்டுக் கழுவும் இடத்தில் காரைத் தூக்கி நிறுத்தி அடியிலிருந்து கழுவுங்கள். மழைக் காலமாக இருந்தால் கழுவியதும் மண் ரோட்டில் இறங்காமல் நேரே மையத்துக்கு ஓட்டுங்கள்.